தள்ளி வைத்த ஃபில்டர்

செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பையோ அதன் உடன்பிறப்பான பிளேசரையோ ஃபோர் வீல் டிரைவாக வைத்திருக்கும் அமெரிக்கர், ஆயில் மாற்றும் நாளில் எஞ்சினுக்கு அடியில் ஃபில்டரைத் தேடுவதில்லை. 4.3 லிட்டர் வி6 எஞ்சினோடு வந்த அந்த வண்டிகளில் ஃபில்டர் முன்பம்பருக்குப் பின்னால், ஓட்டுநர் பக்கத்தில், தனியாக ஒரு தாங்கியில் இருக்கும். அடியிலுள்ள மறைப்பில் சிறு கதவு உண்டு. அதைத் திறந்தால் கை நேராக ஃபில்டரில் படும். எஞ்சினுக்கும் அதற்கும் இடையே இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று அழுக்கு ஆயிலைக் கொண்டுவருகிறது, மற்றது வடிகட்டியதைத் திருப்பிக் கொண்டுபோகிறது.

இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். உண்மையான ஒரு நெருக்கடிக்கு விடையாக வந்தது அது. ஆனால் அதைப் பராமரிக்கும் விதத்திலும், தேவையே இல்லாத வண்டிகளில் அதைப் பின்பற்றுவதிலும் பெரிய அசட்டை இருக்கிறது. ஃபில்டரைத் தள்ளி வைத்தவர்கள் அதோடு புதிதாகச் சேர்ந்த பாகங்களைக் கவனிக்கும் பொறுப்பையும் தள்ளி வைத்துவிட்டார்கள்.

முதலில் நெருக்கடியைப் பார்ப்போம். டப்பா முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைத் திருகும் ஃபில்டரை விக்ஸ் நிறுவனம் 1954-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் எடுத்து, கிண்ணத்தைக் கழுவி மாட்ட வேண்டும். திருகு ஃபில்டர் அந்த வேலையை மிச்சப்படுத்தியது. அது சுத்தமாக வெளியே வருமா என்பது மட்டும் எஞ்சினில் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. டப்பாவின் வாய் பக்கவாட்டில் இருந்தால் கழற்றும்போது பாதி ஆயில் வழியும். கீழ்நோக்கி இருந்தால் முழுதும் கொட்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் முன் டிஃபரன்ஷியல், முன்சக்கரங்களுக்கு ஓடும் ஷாஃப்ட், குறுக்குச் சட்டம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. வழியும் ஆயில் இவை எல்லாவற்றின் மேலும் பரவும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும். அதைவிட மோசம், பிறகு எஞ்சினில் உண்மையான கசிவு வந்தாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. பழைய ஈரமும் புதிய ஈரமும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஃபில்டரை வெளியே கொண்டுவந்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கவிட்டால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. கழற்றும்போது ஆயில் டப்பாவுக்குள்ளேயே தங்கும். கீழே ஒரு தட்டு வைத்தால் போதும். ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் பழைய ஆயில், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவருகிறது. வீட்டு முற்றத்தில் தானே ஆயில் மாற்றுபவருக்குச் சிந்தாமல் முடிப்பது சிறிய விஷயமல்ல.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாய் மேல்நோக்கித் தொங்கும் ஃபில்டரை மாட்டுவதற்கு முன்பே புது ஆயிலால் நிரப்பிவிடலாம். காலி ஃபில்டரை மாட்டி எஞ்சினை ஓட்டினால், பம்ப் முதலில் அந்த டப்பாவை நிரப்பிய பிறகுதான் பேரிங்குகளுக்கு ஆயில் போகும். அந்தச் சில வினாடிகளில் பேரிங்கைக் காப்பது ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அது பெரும்பாலும் போதும் என்றாலும், ஒவ்வொரு முறையும் அதை நம்பத் தேவையில்லையே. நிரப்பும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். நடுவிலுள்ள பெரிய துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் கேனின் வாயிலிருந்த தூசு நேராகப் பேரிங்குக்குப் போகும். சுற்றிலும் உள்ள சிறு துளைகளில் மெதுவாக ஊற்றுவதே சரி.

குழாய்களில் பழைய ஆயில் தங்கிவிடுகிறது என்ற குறையை இந்த அமைப்பின் மேல் அடிக்கடி சுமத்துகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தக் குறை நிற்பதில்லை. உள்விட்டம் அரை அங்குலம் உள்ள குழாய் ஒரு மீட்டருக்கு சுமார் 127 மில்லி ஆயில் பிடிக்கும். இரண்டு குழாயும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 190 மில்லி. நாலரை லிட்டர் ஆயில் போகும் எஞ்சினில் அது 4 சதவீதம்தான். ஃபில்டர் எஞ்சின் பிளாக்கிலேயே திருகியிருக்கும் வண்டியிலும் உள்வழிகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கத்தான் செய்கிறது. இதற்காகக் குழாயைக் கழற்றி வடிப்பவர்கள், கழற்றாமல் விட்டிருந்தால் பல ஆண்டு தாங்கியிருக்கும் இணைப்பைத் தாங்களே தளர்த்திவிடுகிறார்கள்.

உண்மையான குறை அந்த இணைப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பிளாக்கில் திருகிய ஃபில்டருக்கு ஆயில் வெளியேறக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: அதன் ரப்பர் கேஸ்கட். தள்ளி வைத்த ஃபில்டருக்கு அந்தக் கேஸ்கட், பிளாக்கின் மேல் உட்காரும் அடாப்டரின் கேஸ்கட், இரண்டு குழாய்களின் நான்கு முனைகள் என ஆறு இடங்கள். எஃகுக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருமிடத்தில் உலோகப் பட்டையை அழுத்திப் பிடித்திருப்பார்கள். அந்தப் பிடிகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். எஸ்-10 குடும்பத்து வண்டிகளில் வயது ஏற ஏற ஆயில் கசியத் தொடங்குவது பெரும்பாலும் இந்தப் பிடிகளில்தான். ரப்பர் வெப்பத்தில் இறுகுகிறது, பிடி தளர்கிறது, முதலில் ஈரம் மட்டும் தெரிகிறது.

அந்த ஈரத்தை அலட்சியப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் குழாயில் ஓடுவது பம்பிலிருந்து வரும் முழு ஆயில், முழு அழுத்தத்தோடு. எஞ்சினின் மொத்த ஆயிலும் இதன் வழியாகத்தான் போய்வருகிறது. குளிர்காலக் காலையில் கெட்டியான ஆயிலோடு எஞ்சினைக் கிளப்பும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போகும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு குழாய் கழன்றால் சம்ப் என்ற அடித்தொட்டியிலுள்ள ஆயில் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் சாலையில் இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஓட்டுநர் அதைக் கவனித்து, வண்டியை ஓரங்கட்டி அணைப்பதற்குள் பேரிங்குகள் போய்விடலாம். பம்பருக்குப் பின்னால் இருப்பதால் வேறொரு ஆபத்தும் உண்டு. பிளாக்கில் இருக்கும் ஃபில்டரை நெருங்காத கல்லும் மரக்கிளையும் சிறு முன்மோதலும் இதை எட்டிவிடும். காட்டுப்பாதைக்கென்று வாங்கிய வண்டியில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது பழக்கத்துக்கு வருவோம். விரைவு ஆயில் கடையில் இந்த வண்டிக்கு என்ன நடக்கிறது? டிரெயின் பிளக்கைக் கழற்றுகிறார்கள், முன்பக்கக் கதவைத் திறந்து ஃபில்டரை மாற்றுகிறார்கள், அளவு பார்த்து ஆயில் ஊற்றி அனுப்புகிறார்கள். குழாய்களின் மறுமுனை எஞ்சினில் எங்கே சேர்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஃபில்டர் பிளாக்கில் இருந்த காலத்தில் அதைத் தொட வேண்டியிருந்ததாலேயே மெக்கானிக்கின் கண் அந்த மூலைக்குப் போனது. இப்போது கைக்கு வேலை குறைந்ததால் கண்ணும் அங்கே போவதில்லை. ஃபில்டருக்கு மைல் கணக்கு வைத்திருப்பவர்கள் ஹோஸுக்கு வயதுக் கணக்கு வைப்பதில்லை. அது தேய்ந்துபோகும் பொருள், பிரேக் ஹோஸைப் போலவே.

குழாய் மாற்றும்போது நடக்கும் தவறு இன்னும் கொடியது. ஆயில் ஃபில்டரின் வெளிவட்டத் துளைகள் வழியாக நுழைந்து நடுத்துளை வழியாக வெளியேற வேண்டும். இரண்டு குழாய்களும் இடம் மாறிவிட்டால் ஆயில் நடுவிலிருந்து வெளிவட்டத்துக்குப் போக முயலும். அங்கே ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஃபில்டரிலிருந்து ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் காக்கும் வால்வு அது. தலைகீழாக வரும் ஆயில் அதை அழுத்தி மூடிவிடும். பம்ப் தள்ளினாலும் எஞ்சினுக்கு ஆயில் போகாமல் நின்றுவிடலாம். பிளாக்கில் திருகிய ஃபில்டரில் இப்படி ஒரு தவறு செய்யவே வழியில்லை. ஆகவே குழாயைக் கழற்றுமுன் அடையாளம் இடுவதும், மாட்டிய பின் எரிபொருளைத் துண்டித்துவிட்டு அழுத்தமானியின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றுவதும் கட்டாயம்.

தொழிற்சாலை செய்து கொடுத்த அமைப்பின் நிலை இதுவென்றால், ஃபில்டரைத் தள்ளி வைக்கும் கிட்டைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்பவர்களைப் பற்றி என் கவலை இன்னும் கூடுதல். அவர்களில் பலருக்குக் காரணம் வெறும் வசதிதான்: படுக்காமல், கையில் ஆயில் படாமல் ஃபில்டரை மாற்றலாம். ஆனால் டிரெயின் பிளக் இன்னும் சம்ப்பின் அடியில்தான் இருக்கிறது. எப்படியும் கீழே போகத்தான் வேண்டும். பாதி வேலையை மிச்சப்படுத்த ஐந்து புதிய கசிவிடங்களை வாங்குவது நல்ல பேரமல்ல.

குழாயின் விட்டத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். கெட்டியான ஆயில் குழாயில் சீராக ஓடும்போது அதற்கு ஏற்படும் எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். அரை அங்குலக் குழாய்க்குப் பதில் 3/8 அங்குலக் குழாய் போட்டால் எதிர்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிடும். பார்க்க வித்தியாசம் ஒரு நூல்தான். அதோடு பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ ஆயில் குளிரில் கெட்டியானாலோ, வடிகட்டாத ஆயிலாவது எஞ்சினுக்குப் போகட்டும் என்று திறக்கும் வால்வு அது. பல ஜிஎம் எஞ்சின்களில் அது பிளாக் பக்கத்தில் இருக்கிறது. ஃபோர்டு போன்றவற்றுக்கான ஃபில்டர்களில் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. கிட்டைப் பூட்டும்போது பிளாக்கிலிருந்த வால்வு பாதையிலிருந்து விலகி, புதிய ஃபில்டரிலும் வால்வு இல்லாமல் போனால், அடைபட்ட ஃபில்டர் எஞ்சினைப் பட்டினி போடும். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டப்படி, வெளிக்கடைப் பாகம் போட்டதற்காக மட்டுமே உற்பத்தியாளர் வாரன்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் சேதத்துக்குக் காரணம் என்று தெரிந்தால் மறுக்கலாம். மேற்சொன்ன பழுதில் காரணம் வெளிப்படையாகவே தெரியும்.

இதே குடும்பத்தில் நான் மனமார ஆதரிக்கும் ஒன்று உண்டு. கென்வொர்த், பீட்டர்பில்ட் போன்ற நெடுந்தூர லாரிகளின் சட்டத்தில் லூபர்ஃபைனர் என்ற பெரிய உருளைகள் பளபளவென்று நின்ற காலம் இருந்தது. அவையும் தள்ளி வைத்த ஃபில்டர்களே. ஆனால் அவற்றின் வழியே போனது ஆயிலின் ஒரு சிறு பங்கு மட்டும், நுண்துளை ஒன்றின் வழியாக. எஞ்சினின் முழு ஆயிலையும் வழக்கமான ஃபில்டர் கவனித்துக்கொள்ள, இந்த உருளை டீசல் புகைக்கரியை மெதுவாக, மிக நுட்பமாகப் பிரித்தெடுத்தது. இங்கே ஒரு குழாய் வெடித்தாலும் அந்த நுண்துளை இழப்பைக் கட்டுப்படுத்தும். ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கும். நாள் முழுக்க ஓடி, ஆயிலை ஆய்வகத்தில் சோதித்து, மாற்றும் இடைவெளியை நீட்டும் லாரிக்கு இது செலவுக்கு மேல் திருப்பித் தரும். வாரக் கடைசியில் மட்டும் கடைக்குப் போய்வரும் பிக்கப்புக்கு இதன் பயன் மிகக் குறைவு.

தொழிற்சாலையே தள்ளி வைத்துக் கொடுத்த வண்டி கைவசம் இருந்தால், ஆயில் மாற்றும் முறையையே கொஞ்சம் திருத்த வேண்டும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, பழைய ஃபில்டரின் கேஸ்கட் தாங்கியில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு கேஸ்கட் சேர்ந்தால் அழுத்தம் ஏறியதும் பீறிடும். புதிய கேஸ்கட்டில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். அதன் பிறகுதான் பலரும் விட்டுவிடும் வேலை வருகிறது. எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் விளக்கோடு இரண்டு குழாய்களையும் முனையிலிருந்து முனைவரை பார்க்க வேண்டும். எஞ்சின் தன் தாங்கிகளில் அசையும், சட்டம் அசையாது; ஆகவே குழாய் எங்காவது உரசுகிறதா, பிடிகளில் தூசு ஈரமாகி ஒட்டியிருக்கிறதா, ரப்பரை விரலால் அமுக்கினால் மரக்கட்டைபோல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மரக்கட்டையாகிவிட்டால் கசிவுக்காகக் காத்திருக்கக் கூடாது, இரண்டு குழாய்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். இப்படிப்பட்ட வண்டியைப் பழையதாக வாங்குபவர், விலை பேசுவதற்கு முன் அந்தச் சிறு கதவைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், குழாய்கள் பிளாக்கில் சேரும் மறுமுனையையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.