அச்சில் விழுந்த புள்ளி

செய்தித்தாளில் 'பள்ளி' என்பது 'பல்லி' என்று அச்சாகிவிட்டால், சிரித்துவிட்டு மேலே படிக்கிறோம். பக்கத்துச் சொற்களே பிழையைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன. எண்களுக்கு அத்தகைய துணை கிடையாது. பிழைபட்ட எண்ணும் ஓர் எண்ணாகவே நிற்கும், வாசகர் நம்பிவிடுவார்.

காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீட்டு விவரப்படி அதன் சரிகையில் வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு. புள்ளி விழுந்துவிட்டால் தங்கம் பத்து மடங்காகிவிடும்! தறியில் இருப்பவர் உடனே மறுப்பார். முசரவாக்கத்துப் பள்ளி மாணவர் அதையே குறித்துக்கொண்டால்?

ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர். அடுக்குக்குறி கீழே இறங்கி, 3 × 108 என்று அச்சாவதுண்டு. பெருக்கிப் பாருங்கள்: 324 மீட்டர்! காற்றில் ஒலியே நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அப்படியானால் இடி முழங்கிய பிறகல்லவா மின்னல் தெரிய வேண்டும்?

ஈய எழுத்தைக் கையால் கோத்த நாளில் அச்சுக் கோப்பவரைக் குறை கூறினார்கள். இன்று கட்டுரையை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதே அடுக்குக்குறி இறங்கிவிடுவதுண்டு. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் 108 என்பதைத் தவறென்று சொல்லாது.

ஆகவே, மெய்ப்புத் திருத்துபவர் மேல் மட்டும் பழியைப் போடுவது முறையன்று. 'நொடிக்கு 30 கோடி மீட்டர்' என்று சொல்லிலும் எழுதினால், ஒன்று மற்றொன்றைக் காக்கும். திருத்தம் வெளியிடும் இதழ்கள் அதை மூலையில் ஒளிக்காமல், தவறான எண், சரியான எண் இரண்டையும் தர வேண்டும். வாசகர்களே, நீங்களும் எண்ணைக் கண்டால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பிழையென்றால் இதழுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.