சரக்கும் முத்தும்: பெண்ணைப் பண்டமாக்கும் சொற்கள்

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரிலும், 2022 ஜனவரி முதல் நாளில் 'புல்லி பாய்' என்ற பெயரிலும் இந்திய முஸ்லிம் பெண்கள் இணையத்தில் 'ஏலம்' விடப்பட்டனர். முதலாவதில் எண்பதுக்கும் மேற்பட்டோர். இரண்டாவதில் நூறுக்கும் மேற்பட்டோர். பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் எனப் பொதுவாழ்வில் குரல் கொடுத்து வந்த பெண்களின் படங்கள், அவர்களது சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தே அனுமதியின்றி எடுக்கப்பட்டு, அன்றைய பேரமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. எவரும் எதையும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. ஒரு காசும் கைமாறவில்லை. நிகழ்ந்த கொடுமை முழுவதும் சொல்லாலும் படத்தாலும் நிகழ்ந்தது.

இதன் வேர் சமய வெறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெறுப்பு ஏன் ஏலம் என்னும் வடிவத்தைத் தேர்ந்தது என்ற வினா எஞ்சுகிறது. பெண்ணை விலைக்குரிய பொருளாகப் பேசும் வழக்கு முன்னரே புழக்கத்தில் இருந்தமையால், அதைச் செய்தோர் புதுமொழி எதையும் ஆக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த மொழியை எடுத்துக்கொண்டால் போதுமாயிற்று.

அந்தச் செயலிகள் தமிழில் ஆக்கப்பட்டவை அல்ல. ஆனால் அவற்றின் சொல்லாட்சி தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. நமது திரைப்படங்கள் பல்லாண்டுகளாகப் பெண்ணுக்கு வழங்கிவரும் பெயர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: சரக்கு, பீஸ், ஐட்டம், கட்டை, ஃபிகர். இவற்றுள் பெரும்பாலானவை கடைத்தெருவிலும் கிடங்கிலும் புழங்கும் சொற்கள். பெயர்களுக்கேற்ப வினைகளும் அமைந்தன. நாயகன் பெண்ணை 'மடக்குகிறான்', 'கரெக்ட் பண்ணுகிறான்', 'தள்ளிக்கொண்டு போகிறான்'. இவ்வாக்கியங்களில் பெண் எப்போதும் செயப்படுபொருள். எழுவாயாக அவள் அமைவதேயில்லை. திரையரங்கில் கைதட்டலுக்காக எழுதப்பட்ட இச்சொற்கள் இன்று மீம்களிலும் முகநூல் பின்னூட்டங்களிலும் எழுதியவர் பெயரின்றி உலவுகின்றன.

தமிழ் இலக்கணம் மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்தது. இவ்வெல்லையை மீறிப் பேசும் வழக்கையும் அது அறிந்தே இருந்தது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வழங்கலாம் என்று நன்னூல் அமைதி கூறுகிறது. பசுவைத் தாயென்பதும், உறங்கும் குழந்தையை 'அது' என்பதும் உவப்பின்பாற்படும். ஆகவே அஃறிணைச் சொல் வந்த மாத்திரத்தில் அது இழிவாகிவிடாது. எக்காரணம் பற்றி வந்தது என்பதே வினா. பெண்ணைச் 'சரக்கு' என்பவர் அதைப் பாராட்டாகவே சொல்லக்கூடும். ஆனால் அப்பாராட்டு சரக்கைத் தரம் பார்ப்பவனின் பாராட்டு. உவப்பின் வேடத்தில் வரும் இழிப்பு அது.

பண்டமென்று கொண்டபின் அது கெடவும் வேண்டுமல்லவா? வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணைக் 'கெட்டுப்போனவள்' என்றனர் நமது திரைக்கதை ஆசிரியர்கள். பாலுக்கும் மீனுக்கும் உரிய வினை அது. நாளிதழ்கள் 'கற்பழிப்பு' என்று எழுதின. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துபோனதாகக் காட்டும் சொல் அது. பெண்ணியச் சிந்தனையாளர்களின் இடையறாத மறுப்பால் இன்று 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்னும் சொற்கள் பெரிதும் இடம்பிடித்துவிட்டன. மக்கள் வழக்கை மாற்றவியலாது என்போருக்கு இதுவே தக்க விடை.

"வெறும் சொல்தானே, இளைஞர்களின் கேலிதானே" என்பாரும் உளர். அவர்களுக்குத் திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயமாகிய அல்முஜாதலாவை நினைவூட்டலாம். அறியாமைக் கால அரபியர், மனைவியைத் தம் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுக் கூறி அவளை விலக்கி வைப்பர். 'ளிஹார்' எனப்பட்டது இது. அவ்வொரு வாக்கியத்தால் அவள் மனைவியுமல்லாமல், மணவிலக்குப் பெற்றவளுமல்லாமல் நடுவில் தொங்கினாள். அச்சொல்லுக்கு இலக்கான கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டு வாதாடினார். இறைவன் அவருடைய வாதத்தைச் செவியுற்றதாக அறிவித்தே அத்தியாயம் தொடங்குகிறது. 'வாதிடுபவள்' என்னும் பொருளில் அதன் பெயரும் அமைந்தது. அச்சொல் வெறுக்கத்தக்கதும் பொய்யானதுமான பேச்சு என அடுத்த வசனம் தீர்ப்பளிக்கிறது. அதைச் சொன்னவர் மனைவியிடம் மீள விரும்பினால், ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இயலாதெனில் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பிருக்க வேண்டும். அதற்கும் இயலாதெனில் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். ஒரே வாக்கியத்திற்கு இத்தனை பெரிய பரிகாரம்! சொல்லும் ஒரு செயலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்த அளவுகோலைப் பிறர்மீது மட்டும் வைத்துப் பார்ப்பது நேர்மையாகாது. ஏலச் செய்தி கேட்டுக் கொதித்த நமது வாட்ஸ்அப் குழுக்களில்தான் மற்றொரு படமும் சுற்றி வருகிறது: உறை பிரித்த மிட்டாயை ஈக்கள் மொய்க்கின்றன, உறையிட்ட மிட்டாய் தூய்மையாக இருக்கிறது. ஹிஜாபின் சிறப்பை விளக்குவதாக அதைப் பகிர்வோர் நல்லெண்ணத்துடனேயே பகிர்கின்றனர். ஆனால் உவமையைச் சற்றே கூர்ந்து நோக்குக. அதில் பெண் தின்பண்டம், ஆண் ஈ. 'கெட்டுப்போனவள்' என்ற அதே திரைமொழி இங்கு மார்க்கத்தின் ஆடையணிந்து வந்திருக்கிறது. சிப்பிக்குள் முத்து, பெட்டகத்துள் வைரம் என்னும் மேடை உவமைகளும் விலை கூடிய பண்டங்களே. முத்துக்கு ஈமான் இல்லை, தேர்வு இல்லை, கூலியும் இல்லை. இறைவனுக்குக் கீழ்ப்படியும் விருப்பத்தால் ஹிஜாப் அணியும் பெண்ணிடமிருந்து அந்த விருப்பத்தையே பறித்துவிடுகிறது இப்புகழ்ச்சி.

வேதம் பேசும் முறை வேறு. ஆண்கள் குறிப்பிடப்படுவதுபோல் பெண்கள் ஏன் குறிப்பிடப்படுவதில்லை என்று உம்மு ஸலமா (ரலி) வினவியதையொட்டி இறங்கியதாக அறிவிக்கப்படும் 33:35ஆம் வசனத்தில், நம்பிக்கை கொள்வோர், வாய்மை பேசுவோர், பொறுமை காப்போர், தருமம் செய்வோர் என ஒவ்வொரு பண்பிலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே பெயர் சுட்டப்பெறுகின்றனர். அவ்வசனத்தில் பெண் எழுவாய்; செய்பவள் அவளே, கூலி பெறுபவளும் அவளே.

திரைப்பாடலாயினும், மீமாயினும், ஜும்ஆ மேடைப் பேச்சாயினும், பெண்ணைப் பற்றிய வாக்கியம் எதையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்: அவள் அதில் ஏதேனும் செய்கிறாளா, அல்லது வைக்கப்பட்டும் எடுக்கப்பட்டும் காக்கப்பட்டும் கெட்டும் கிடக்கிறாளா? பின்னதாயின், எத்துணை நல்ல நோக்கத்தோடு வந்திருப்பினும் அதைப் பகிராமல் விடுவதே நம்மால் உடனே இயலும் பரிகாரம்.