குதுப் மினார்: ஒட்டுப்போட்ட கோபுரம்

குதுப் மினாரைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும். ஒன்று, உயரம் 72.5 மீட்டர். இன்னொன்று, ஐபக் கட்டியது. டெல்லி மெஹ்ரோலியில் ஒரு மதியம் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: "யார் கட்டினது?" என்கிற கேள்விதான் அந்தக் கட்டடத்தைச் சரியாகப் பார்க்க விடாமல் செய்கிறது. "யார் பழுது பார்த்தது?" என்று கேட்டால் வேறொரு மினார் தெரிய ஆரம்பிக்கும்.

கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். முதல் மூன்று அடுக்குகள் சிவப்பு மணற்கல். முதல் அடுக்கில் ஒரு வரி உருண்டை, அடுத்த வரி கூர்முனை என்று மாறி மாறி வரும். இரண்டாவதில் உருண்டை மட்டும். மூன்றாவதில் கூர்முனை மட்டும். நான்காவது, ஐந்தாவது அடுக்குகளுக்கு வந்தால் வரிகளே கிடையாது. வழவழப்பான உருளை, இடையிடையே வெள்ளைப் பளிங்கு. ஒரே ஆள் போட்ட திட்டம் என்றால் இப்படித் திடீரென்று குணம் மாறுமா?

மாறாது. 1199 வாக்கில் குத்புதீன் ஐபக் ஆரம்பித்தார். மேல் அடுக்குகளைக் கட்டி முடித்தவர் அவருக்குப் பின் வந்த இல்துத்மிஷ். ஃபிரூஸ் ஷா துக்ளக் காலத்தில் இடி விழுந்து உச்சி சிதைந்தது. 1369-ல் அவர் அதைச் சரிசெய்தபோது சேதமான ஓர் அடுக்கு இருந்த இடத்தில் இரண்டு அடுக்குகளை எழுப்பினார். நாம் பார்க்கிற பளிங்கு அவருடைய கை.

என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தில் நடந்த மிக நேர்மையான வேலை அதுதான். பழைய வரிகளைப் பார்த்து அப்படியே செதுக்கச் சொல்லியிருக்கலாம். ஆள் இல்லாமலா போயிருக்கும்? அவர் அதைச் செய்யவில்லை. இது என் காலத்து வேலை என்று கல்லின் நிறத்திலேயே காட்டிவிட்டார். அழகில் குறைதான். கீழே மூன்று அடுக்கும் ஏறிவருகிற வேகம் பளிங்குக்கு வந்ததும் சட்டென்று தளர்ந்துவிடுகிறது. ஆனால் எது பழசு, எது புதுசு என்று யாரையும் அது ஏமாற்றவில்லை.

அந்தப் பழுதுவேலையில் இருந்த கைவினைஞர்கள் நாகரி எழுத்தில் ஒரு கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். விசுவகர்மாவின் அருளால் வேலை முடிந்தது என்று அதில் வருகிறது. குர்ஆன் வசனங்கள் பட்டை பட்டையாக ஓடுகிற அதே கோபுரத்தில்தான் இதுவும் இருக்கிறது.

இதை வைத்து "பார்த்தீர்களா, எவ்வளவு ஒற்றுமை" என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்திலேயே குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதி இருக்கிறது. 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு கட்டியதாக அதன் கிழக்கு வாசல் பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. உள்ளே போனால் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு தரப்பு இதை மட்டும் பேசும். இன்னொரு தரப்பு இதைத் தவிர மற்றதெல்லாம் பேசும். ஐபக்கின் காலத்தில் இடிக்கப்பட்டதும் உண்மை. 170 வருடம் கழித்து ஒரு சூத்திரதாரி தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி அங்கே வேலை செய்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்க முடியாது.

மினாரே ஒரு இந்துக் கட்டடம்தான் என்று வாதாடுகிறவர்கள் ஆப்கானிஸ்தானின் ஜாம் மினாரின் படத்தை ஒருமுறை பார்க்கலாம். 65 மீட்டர், செங்கல், கோரி அரசர்கள் எழுப்பியது. ஐபக் அந்த வம்சத்து முகம்மது கோரியின் தளபதி. யோசனை எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. கல்லில் அதைச் செய்துகாட்டிய கை இந்த ஊர்க் கை.

பழுதுபார்ப்பு எப்படி இருக்கக் கூடாது என்பதற்கும் உதாரணம் அதே வளாகத்தில் கிடக்கிறது. 1803 நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்த குவிமாடம் விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் 1828-ல் மினாரைச் சரிசெய்தார். அதோடு விட்டிருக்கலாம். தன் கற்பனைக்கு வங்காள பாணியில் ஒரு மண்டபத்தைச் செய்து தலையில் வைத்தார். பால்கனிகளுக்குப் புதுக் கைப்பிடிச் சுவரும் அவர் உபயம். கவர்னர் ஜெனரல் ஹார்டிங் 1848-ல் அந்த மண்டபத்தை இறக்கச் சொன்னார். இப்போது அது புல்தரையில் நிற்கிறது, 'ஸ்மித்தின் அசட்டுத்தனம்' என்ற பட்டப்பெயரோடு. பலர் அதை ஏதோ நிழற்குடை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். ஃபிரூஸ் ஷாவும்தான் தன் காலத்துப் பாணியைக் கொண்டுவந்தார். அப்போ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவர் கட்டியது கோபுரத்தின் உடம்பாக ஆனது, ஏறிப்போக இன்னும் படி கொடுத்தது. ஸ்மித் வைத்தது தொப்பி.

படி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. உள்ளே 379 படிகள் உண்டு. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு பொதுமக்களுக்குக் கதவு திறக்கவில்லை. மூடியது சரிதான். ஆனால் ஏறுவதற்காகக் கட்டிய ஒன்றை வெளியிலிருந்து மட்டுமே பார்க்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். உச்சியை விரலால் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செய்ய வேறென்ன இருக்கு?

இருக்கு. ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். சிவப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு புல்தரையில் இருக்கும் அந்த மண்டபத்தைத் தேடிப்போய், அதை மினாரின் தலையில் மனசால் ஏற்றிப் பாருங்கள். ஹார்டிங் ஏன் இறக்கச் சொன்னார் என்பதற்கு கைடு தேவைப்படாது.