காம்பிழந்த இரும்புகள்: வகைப்படுத்தலின் அரசியல்

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இரும்பு முனைகள். மரக்காம்பு மக்கிப்போயிற்று, பிடித்த கையும் போயிற்று. கீழே ஓர் அட்டை: 'பில், 15ஆம் நூற்றாண்டு'. இந்த ஒரு வரி எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது?

ஸ்வீடன் தொல்லியலாளர் மொண்டேலியஸ் 1903இல் விளக்கிய வடிவ வரிசைமுறைதான் அடித்தளம். உயிரினங்களைப் போலப் பொருள்களும் படிப்படியாக மாறுகின்றன. ஆரம்பகால ரயில் பெட்டிகள் குதிரை வண்டியின் சாயலிலேயே இருந்தன என்பது அவர் காட்டிய உதாரணம். ஹால்பர்ட் எனும் நீள்காம்புக் கோடரியை இப்படி அடுக்குவது சுலபம். பழையதில் அகன்ற அலகு, காம்பைச் செருக இரண்டு வளையங்கள். 1315இல் மோர்கார்ட்டன் சரிவில் ஹாப்ஸ்பர்க் குதிரைவீரர்களைச் சுவிஸ் மலைக்குடிகள் வெட்டிச் சாய்த்தது இந்த ஆயுதத்தால்தான். 15ஆம் நூற்றாண்டில் நடுவே குழல், பின்னால் கொக்கி, மேலே ஈட்டிமுனை. 16இல் அலகு பிறையாகிறது. மெல்ல மெல்ல அரண்மனைக் காவலரின் அலங்காரமாகவும் ஆகிறது.

சரி, எளியதெல்லாம் முந்தியது, நுட்பமானதெல்லாம் பிந்தியது என்று யார் சொன்னது? கிராமத்துக் கொல்லன் தாத்தா அடித்த வடிவத்தையே பேரனும் அடித்திருக்கலாமே. மொண்டேலியஸும் இதை அறிந்தவர்தான். சேர்ந்து கிடைத்த பொருள்களை வைத்து வரிசையைச் சரிபார்க்கச் சொன்னார். தேம்ஸ் சேற்றில் தனியாக அகப்பட்ட முனைக்கு அந்த வசதி ஏது?

பில் விஷயம் இன்னும் சிக்கல். அதன் மூலம் வேலி கழிக்கும் அரிவாள். நீளக் காம்பில் மாட்டினால் ஆயுதம். பின்முள்ளும் ஈட்டிமுனையும் இருந்தால் 'போர்க்கருவி' என்று எழுதிவிடலாம். அவை இல்லாத மொட்டை இரும்பு 'விவசாயக் கருவி' ஆகிவிடுகிறது. இங்கே வகைப்பாடு இரும்பை மட்டும் பிரிக்கவில்லை. குடியானவனையும் படையாளையும் இரண்டு மனிதர்களாகப் பிரிக்கிறது.

1285இல் முதலாம் எட்வர்டின் வின்செஸ்டர் சட்டம் ஆட்களையே வகைப்படுத்தியது. ஆண்டுக்கு 15 பவுன் தரும் நிலமுள்ளவனுக்கு இரும்புச் சங்கிலிச் சட்டை, தலைக்கவசம், வாள், குதிரை. 40 ஷில்லிங்குக்கும் கீழே உள்ளவனுக்குக் கிசார்ம், கத்தி, சில்லறை ஆயுதங்கள். கிசார்ம் எந்த வடிவம்? 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் ஆளுக்கொரு இரும்பில் அந்தப் பெயரை ஒட்டினார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. ஏழையின் ஆயுதம் சட்டத்தில் பெயராக இருக்கிறது, பெட்டியில் இரும்பாக இருக்கிறது. இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன.

வகைப்படுத்தவே கூடாது என்பதல்ல நம் வாதம். வகைப்பாடு இல்லையென்றால் இவை வெறும் பழைய இரும்பு, எடைக்குப் போடலாம். நாம் கேட்பது ஒன்றுதான்: காலம் எழுதும்போது எதை வைத்து எழுதினாய் என்றும் எழுது. வடிவத்தை வைத்தா, கூடக் கிடைத்ததை வைத்தா, பழைய ஓவியத்தை வைத்தா? வேலி கழித்தவனும் குதிரைவீரனை இழுத்துச் சாய்த்தவனும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். அந்தச் சாத்தியத்தை ஓர் அட்டை மறைக்கக் கூடாது.