ஸ்விட்ச்சின் மின்சாரத்தை ஆளும் நான்கு சிப்கள்

நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் சார்ஜ் ஏறவில்லை என்றால், ‘போர்டு போயிடுச்சு’ என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த பதில் பெரும்பாலும் அவசரப்பட்டுச் சொல்வது. 2017-இல் வெளியான முதல் மாடலைத் திறந்து, அதன் மின் நிர்வாக சிப்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பின்மூடியின் ட்ரை-விங் திருகுகளையும் உலோகத் தகட்டையும் எடுத்ததும் வேலை நான்கு சிப்களுக்குள் பிரிந்திருப்பது தெரிகிறது. சார்ஜரிடம் எத்தனை வோல்ட் வேண்டும் என்று பேரம் பேசுவது ரோம் நிறுவனத்தின் எம்92டி36. வந்த மின்சாரத்தை 4310 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்குள் அளந்து ஏற்றுவது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.க்யூ.24193. பேட்டரியில் மீதி எவ்வளவு என்று கணக்கு வைப்பது மேக்ஸ்17050. டெக்ரா எக்ஸ்1 பிராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் தேவையான வோல்டேஜ்களைப் பிரித்துக் கொடுப்பது மேக்ஸ்77620.

இவை பிராசஸரோடு பேசுவது ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டே கம்பிகளில். ஒன்றில் தரவு, மற்றதில் கடிகாரத் துடிப்பு. அந்தப் புள்ளிகளில் மெல்லிய ஒயரைப் பற்றவைத்து லாஜிக் அனலைசரில் கொடுத்தால் ஒவ்வொரு பைட்டும் திரையில் வரிசையாக விழுகிறது. எந்த பைட் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. சார்ஜரைச் செருகினால் எந்த பிட் மாறுகிறது, உருவினால் எது பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும்.

பி.க்யூ.24193-க்கு டேட்டாஷீட் பொதுவில் கிடைப்பதால் ஊகத்தை உடனே சரிபார்க்கலாம். இதன் 04-ஆம் ரெஜிஸ்டரின், அதாவது சிப்புக்குள் எண்ணைச் சேமிக்கும் சிறு இடத்தின், தொடக்க மதிப்பு 10110010. முதல் ஆறு பிட்களான 101100 என்பது 44. ஒரு படிக்கு 16 மில்லிவோல்ட் வீதம் 704. அடிப்படையான 3504-ஐக் கூட்டினால் 4208 மில்லிவோல்ட். அதாவது பேட்டரியை 4.2 வோல்ட்டை ஒட்டி நிறுத்திவிடு என்ற கட்டளை. 08-ஆம் ரெஜிஸ்டரின் இரண்டு பிட்கள், சார்ஜ் ஏறுகிறதா, முடிந்ததா என்று சொல்கின்றன. பிராசஸர் மௌனமானால் ரெஜிஸ்டரில் உள்ள எண்கள் தாமாகவே தொடக்க நிலைக்குத் திரும்ப ஒரு வாட்ச்டாக் டைமரும் உண்டு. அதன் தொடக்க அளவு 40 நொடி. லித்தியம் பேட்டரியைக் கையில் வைத்து விளையாடும் கருவிக்கு இந்த ஏற்பாடு அவசியம்.

பற்றவைக்கத் தயங்குபவர்களுக்கு ஹெகாட்டே என்ற இலவச பூட்லோடர் இருக்கிறது. சார்ஜ் வோல்டேஜ் வரம்பு, பேட்டரியின் மின்னோட்டம், வெப்பநிலை, சார்ஜர் தரத் தயாராக உள்ள வோல்டேஜ்கள் எல்லாவற்றையும் அது படிக்கத் தெளிவாகத் திரையில் தருகிறது. டெக்ரா எக்ஸ்1-இன் பூட்ரோமில் 2018-இல் வெளியான குறை வழியாக இது ஓடுவதால், அந்தக் குறை திருத்தப்பட்ட பிற்காலக் கருவிகளில் இந்த எளிய வழி திறக்காது.

பழுது பார்ப்பவருக்கு இதனால் கிடைக்கும் பலன் நேரடியானது. டைப்-சி மீட்டரை இடையில் செருகுங்கள். ஒரிஜினல் அடாப்டரில் 5 வோல்ட்டில் தொடங்கி 15 வோல்ட்டுக்கு ஏறினால் பேரம் முடிந்துவிட்டது. அடுத்து சார்ஜர் சிப்பையும் பேட்டரியையும் பாருங்கள். 5-லேயே நின்றால் சார்ஜிங் போர்ட்டையோ எம்92டி36-ஐயோ சந்தேகியுங்கள். முழு போர்டையும் தூக்கி எறியும் இடத்தில் ஒரு சிப்பை மாற்றினால் போதும்.

ஹாட் ஏர் கன் பிடித்துப் பழகியவர்களுக்கு லாஜிக் அனலைசர் வாங்கும் காசு வீண் போகாது. மற்றவர்கள் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். திறந்த போர்டில் பேட்டரி இணைந்திருக்கும்போது ஒரு ஷார்ட் போதும், எல்லாம் முடிந்துவிடும். நிறுவனங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: விற்கும் கருவியில் உள்ள ஒவ்வொரு மின் சிப்புக்கும் டேட்டாஷீட்டை வெளியிடுங்கள். பி.க்யூ.24193-ஐ மணிக்கணக்கில் துருவாமல் புரிந்துகொள்ள முடிந்ததற்கு அந்த ஒரு ஆவணம்தான் காரணம்.