மூன்று மணி நேரத்தை ஆளத் தெரிந்தவர்

கர்நாடகக் கச்சேரி வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் என்பதை இன்று அநேகமாக யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த வழக்கத்தை நிலைநிறுத்திய பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு உரியது. காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1890-ல் பிறந்தவர்; 1938-ல் சங்கீத கலாநிதி, 1958-ல் பத்மபூஷண்; 1967-ல் மறைந்தார். விருதுகளை ஒதுக்கிவிட்டு மேடையை மட்டும் வைத்து அலசினால், அவருடைய தனித்திறன் குரல் வளத்திலோ ராக விஸ்தாரத்திலோ இல்லை, நேரப் பங்கீட்டில்தான் இருந்தது என்பது புலப்படும். அதைப் பலர் வெறும் உருப்படி வரிசையாக எடுத்துக்கொண்டதுதான் பிற்காலத்தில் வந்த கோளாறு.

அவர் தலையெடுத்த காலத்தில் கச்சேரிகள் நாலைந்து மணி நேரம் ஓடும். உருப்படிகள் குறைவு, பெரும்பொழுதை ராகமும் பல்லவியும் விழுங்கிவிடும். பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் கணக்கில் மல்லுக்கட்டு நடக்கும். ஜமீன் மாளிகையிலும் கல்யாணப் பந்தலிலும் அது செல்லுபடியானது. ஆனால் சென்னை சபாக்களில் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள் பலதரப்பட்டவர்கள்; மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். சங்கீதத்தின் தரத்தைக் குறைக்காமல் இவர்களை மங்களம் வரை உட்கார வைப்பது எப்படி? அரியக்குடி கண்ட விடை இதுதான்: முதலில் வர்ணம், அடுத்து மத்திம காலத்தில் சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவில் ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடு கனமான உருப்படி, தனி ஆவர்த்தனம், சுருக்கமான பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்பாவை, தில்லானா.

பட்டியலாகப் படித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை; சூட்சுமம் அதைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. இரண்டு காலத்தில் பாடும் வர்ணத்திலேயே குரல் பதப்படும், சுருதி சேரும், மிருதங்கக்காரருக்குக் காலப்பிரமாணம் பிடிபடும். கிரிக்கெட்டில் புதுப்பந்தின் முதல் ஒரு மணி நேரத்தைச் சேதமில்லாமல் கடத்தித் தரும் தொடக்க ஆட்டக்காரரைப் போல, அவர் அரங்கத்தை முதல் அரைமணியிலேயே தன் வசப்படுத்திக்கொள்வார். அடுத்தடுத்து வரும் ராகங்கள் ஒரே சாயலில் இருக்கக் கூடாது. காலமும் தாளமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆலாபனையில் முதல் பிடியிலேயே ராகம் இன்னதென்று தெரிந்துவிடும். கேட்பவருக்கு இன்னும் கொஞ்சம் பாடமாட்டாரா என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஸ்வரம் பெரும்பாலும் சர்வலகுவில் ஓடும். கணக்கை எண்ணிக்கொண்டிருக்கும் வேலை ரசிகருக்கு இல்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு இந்தப் பாட்டு இடம் விட்டது. அந்த வாசிப்பு இவர் பாட்டின் ஓட்டத்தைக் கூட்டியது.

இதெல்லாம் அவர் கண்டுபிடித்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். புதுக்கோட்டை மலையப்ப ஐயர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார், பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் ஆகியோரிடம் கற்றவர் அவர். வர்ணமும் பதமும் தில்லானாவும் அவருக்கு முன்பே இருந்தவை. ஆனால் சிதறிக் கிடந்தவற்றை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு மேடையில் அது செல்லும் என்று நிரூபித்துக் காட்டியவர் அவர்தான். இந்தத் துறையில் நிரூபணத்துக்குத்தான் மதிப்பு. அவருடைய ஆலாபனை சுருக்கம், நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் இருந்த பிரவாகம் அதில் கிடைக்காது என்பது அடுத்த குறை. உண்மை, கிடைக்காதுதான். ஆனால் சுருக்கத்தை வறட்சி என்று எண்ணுவது தவறு. நாலு பிடியில் ராகத்தை நிறுத்திக் காட்ட, நாற்பது பிடியில் எது சாரம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் மெட்டமைத்ததிலும் இதே தெளிவைக் காணலாம். 'மார்கழித் திங்கள்' நாட்டையில் எடுத்ததுமே களை கட்டிவிடுகிறது.

கனமான குற்றச்சாட்டு பாடகர் டி.எம். கிருஷ்ணாவிடமிருந்து வந்தது. இந்தப் பத்ததி சங்கீதத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்துவிட்டது, வர்ணம் போன்ற பெரிய உருப்படியைத் தொண்டை பதப்படுத்தும் கருவியாக்கிவிட்டது என்பது அவர் தரப்பு. தன் கச்சேரிகளில் வரிசையை மாற்றியும் காட்டினார். இதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். இன்று பல கச்சேரிகளில் அடுத்து என்ன வரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடிகிறது. ஆனால் அதற்கு அரியக்குடியைப் பொறுப்பாக்க முடியாது. அவர் தன் காலத்து அரங்கத்தைப் பார்த்து நேரத்தைப் பங்கிட்டார்; பின்வந்தவர்கள் அரங்கத்தைப் பார்க்காமல் அவருடைய பட்டியலைப் பார்த்தார்கள்.

மார்கழி சீசனில் இது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. கச்சேரி நேரம் இரண்டு, இரண்டரை மணியாகச் சுருங்கிவிட்டது; பட்டியல் மட்டும் சுருங்கவில்லை. விளைவு, எல்லாம் அவசரத்தில் நடக்கிறது. தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது மிருதங்கக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இளம் வித்வான்கள் அரியக்குடியைப் பின்பற்ற விரும்பினால் இரண்டு உருப்படியைக் குறைத்துக்கொள்ளட்டும். எடுத்த ராகத்துக்கு உரிய நேரத்தைக் கொடுக்கட்டும். அவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.