நீதிமன்றத்துக்குப் போகும் வழி: பூமணியின் 'வெக்கை'

15 வயதுச் சிறுவன் ஒருவன் கொலை செய்துவிடுகிறான். அதன்பின் எட்டு நாட்கள் தந்தையும் அவனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிகின்றனர். முடிவில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர். 1982-இல் வெளிவந்த பூமணியின் 'வெக்கை' நாவலின் கதை இவ்வளவே. கோவில்பட்டிக் கரிசல் மண்ணின் கதையாயினும், பென்னாகரம், அரூர்ப் பகுதிகளின் மானாவாரிக் காடுகளை அறிந்த நம் வாசகருக்கு அந்த வெயில் புதிதன்று.

இளையோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கதைகள் பெரும்பாலும் வழக்காடலையே நம்பி நிற்கின்றன. அமெரிக்கரான வால்டர் டீன் மையர்ஸ் இளைஞர்களுக்கென 1999-இல் எழுதிய 'மான்ஸ்டர்' நாவலில், கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுக் கறுப்பின மாணவன் தன் விசாரணையையே திரைக்கதையாக எழுதிப் பார்க்கிறான். பூமணியோ நம்மை நீதிமன்றத்தினுள் அழைத்துச் செல்வதே இல்லை.

அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையைத் துண்டிக்கவே சிதம்பரம் எண்ணியிருந்தான். வெட்டு விலாவில் விழுந்துவிட்டது. நோக்கம் வேறு, விளைவு வேறு. நீதிபதி ஒருவர் நெடுநேரம் சீர்தூக்க வேண்டிய இச்செய்தியைத் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுத்துவிட்டு, நாவலாசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். பிறகு வருவதெல்லாம் பொங்கித் தின்பதும், தண்ணீர் தேடுவதும், பழங்கதை பேசுவதுமே. கொலைகாரன் என்ற சொல் அச்சிறுவன்மீது ஒட்டாமல் நழுவுகிறது. இது நாவலின் வலிமை. என் மனக்குறையும் இதுவே. இறந்தவனுக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டின் பக்கம் நாவல் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைத் தழுவி வெற்றிமாறன் 2019-இல் எடுத்த 'அசுரன்' படத்தில், மகனின் குற்றத்தைத் தந்தையே ஏற்றுக்கொள்கிறார். பிறர் குற்றத்தைத் தான் சுமப்பவரின் உருவம் நம் சமய மரபுக்கு நெருக்கமானதுதான். எனினும் நாவலின் முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது: மகன் தன் செயலைத் தானே சுமந்து நடக்கிறான்; தந்தை உடன் நடக்கிறார்.

2015-ஆம் ஆண்டின் சட்டப்படி, 16 வயது நிறையாதவனைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் விசாரிக்க இயலாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்பே நிறுத்தவேண்டும். நாடு முழுமைக்குமான முதல் சிறார் நீதிச் சட்டமே 1986-இல்தான் வந்தது. நாவல் அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. சிதம்பரத்துக்குக் கிடைத்த சட்ட அறிவெல்லாம், காவல் நிலையத்துக்கன்று, நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்பதுதான். அந்த வேறுபாட்டை ஏழைக் குடும்பங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.